மேகத்தின் மேல் பழி போட்டவன்

விஞ்ஞானக் காரணங்களை முன்னிட்டு வீட்டில் இட்லியைத் தடை செய்த ஒரே தமிழன் அநேகமாக நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. என் சம்பந்தியம்மா எப்படியும் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். என் தரப்பும் எங்காவது பதிவாகட்டுமே என்றுதான்.

மலைமேல் வெள்ளக்கடைப் பக்கம் வீடு கட்டியபோது என் மனைவி மல்லிகா கேட்டது ஒன்றே ஒன்று: பாத்திரம் கழுவும் மெஷின். சமையல் மேடைக்கு அடியில், அலமாரியோடு அலமாரியாக அதைப் பதித்தோம். அதன் பிளக், பக்கத்து டிராயருக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது என்று தச்சர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

கொஞ்ச காலம் ஒழுங்காக ஓடிய மெஷின், பிறகு பாதியில் நிற்க ஆரம்பித்தது. வீட்டில் மற்ற விளக்கெல்லாம் எரியும். இது மட்டும் செத்தது போல் கிடக்கும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே உயிர் வந்து, விட்ட இடத்திலிருந்து கழுவும்.

பாதி ஆயுளைத் துப்பறியும் நாவல்களில் கழித்தவன் இதை விடுவேனா? மெஷினுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, காப்பி குடித்தபடி யோசித்தேன். சாதாரணக் காப்பி அல்ல. எஸ்டேட் நண்பர் ஒருவர் எனக்கென்று வறுத்து அரைத்துக் கொடுக்கும் பொடி. விருந்தாளிகள் கண்ணில் படாமலிருக்க அந்தப் பக்கத்து டிராயரின் கடைக்கோடியில் ஒளித்து வைத்திருந்தேன். (வருபவர்களுக்குச் சிக்கரி. அதன் டப்பா வெளியே மேடைமேல், எல்லோரும் பார்க்கும்படி.) மல்லிகா டீ கட்சி. டிராயரின் முன்பக்கக் கரண்டிகள் அவளுடையவை. கடைக்கோடி என் தனிச் சொத்து.

காப்பியின் புண்ணியத்தில் உண்மை புலப்பட்டது. மூடுபனி இறங்கும்போதெல்லாம் மெஷின் நிற்கிறது! பனி என்றால் ஈரம்; ஈரம் மின்சாரத்துக்குப் பகை. உடனே ஜன்னல்களைச் சாத்தினேன். மகளின் ஹேர் டிரையரால் மெஷினின் இடுக்குகளுக்கெல்லாம் சூடு பிடித்தேன். கடைசியில் வீட்டுக்குள்ளேயே மேகம் உற்பத்தி செய்யும் இட்லிப் பானையைத் தடை செய்தேன்.

“ஏனுங்க, உள்ளார தண்ணியப் பீச்சியடிக்கிற மெஷினுங்க அது. அதுக்குப் போயி இட்லி ஆவி ஆவாதுங்களா?” என்றாள் மல்லிகா.

“அது உள் ஈரம். இது வெளி ஈரம்.”

“நீங்க சேலம் போற நாள்ல ஒருக்காகூட நிக்கறதில்லீங்களே?”

“அன்றைக்கெல்லாம் வெயில் அடித்திருக்கும்” என்று அந்தச் சாட்சியத்தைத் தள்ளுபடி செய்தேன். (நாவலில் ஒரு துப்பறிவாளன் இப்படிச் செய்திருந்தால் புத்தகத்தை மூடி வைத்திருப்பேன்.)

ஒண்டிக்கடையிலிருந்து எலெக்ட்ரீசியன் பஷீர் பாயை வரவழைத்தேன். நோன்பு மாதம். அவர் முன்னால் காப்பி குடிப்பது முறையல்ல என்று நானும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே கேட் தெரியாத அளவுக்குப் பனி. மெஷினோ மூச்சு விடாமல் ஓடியது.

“மெஷின் நொம்ப நல்லா இருக்குதுங்க சார். நீங்கதான் கொஞ்சம் வாடிப்போயிருக்கீங்க” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் பைக் சத்தம் தேய்வதற்குள், மனசு ஆற ஒரு காப்பி போடப் போனேன். மெஷின் நின்றது. ஆள் பார்த்து நடிக்கிறதே என்று அதன்மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது.

இதற்கிடையே மகள் நிலாவுக்குச் சேலத்தில் வரன் அமைந்தது. பேச்சு முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் சம்பந்தம் உறுதி. அதுவரை அவர்களுக்குக் காப்பியோடு சரி.

“இருவது பேரு சாப்புடறாங்க. அன்னைக்கு மெஷின் நின்னுச்சுன்னா அத்தன பாத்திரமும் நீங்கதான். சம்பந்தி முன்னாடியே” என்றாள் மல்லிகா. அவள் சொன்னால் சொன்னதுதான்.

விருந்து நாளில் வெயில் என் பக்கம் நின்றது. சாப்பாடு முடிந்தது, மெஷின் ஓடியது. அப்போதுதான் பனி, அழைப்பில்லாத உறவினர் மாதிரி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தது. சமையலறையில் மல்லிகாவோடு பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தாயார் மரகதம்மாளுக்கு என் ஈரக் கோட்பாட்டை விளக்கினேன். “அப்படீங்களாண்ணா?” என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பனி சமையலறைக்குள்ளேயே வந்துவிட்டது. மெஷின் நிற்கவில்லை. ஹேர் டிரையர் வென்றுவிட்டது!

அந்தப் பூரிப்பில் இருபது பேருக்கும் என் சொந்தக் காப்பியையே கொடுப்பதென்று முடிவு செய்தேன். டிராயரைக் கடைசி வரை இழுத்து டப்பாவை எடுத்தேன்.

மெஷின் நின்றது.

“பார்த்தீர்களா, பனி!” என்று கூவினேன்.

“அண்ணா, அந்த டிராயர ஒருக்காச் சாத்துங்க” என்றார் மரகதம்மாள்.

சாத்தினேன். மெஷின் ஓடியது.

“இப்ப முழுசா இழுங்க.”

நின்றது.

பிளக்கின் ஒயர் டிராயரின் முதுகில் மாட்டியிருந்தது. பாதி இழுத்தால் ஒன்றுமில்லை. காப்பிக்காக முழுக்க இழுத்தால் பிளக் நழுவும். சாத்தினால் டிராயரே அதைத் திரும்பக் குத்திவிடும். பனி இறங்கினால் எனக்குக் காப்பி குடிக்கத் தோன்றும். மேகத்துக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்ற ஒரே தொடர்பு நான்தான்.

மாப்பிள்ளை ஒரு முறை இழுத்துப் பார்த்தார். நிலா இழுத்தாள். ஹாலிலிருந்து வந்தவர்களெல்லாம் கோயில் மணி அடிப்பது போல் ஆளுக்கொரு முறை இழுத்துவிட்டுப் போனார்கள். மல்லிகா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மரகதம்மாள் மட்டும் என் கையிலிருந்த டப்பாவையே பார்த்தார். வாங்கி முகர்ந்தார்.

“வாசம் ஆளத் தூக்குதுங்களே. பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்களுக்குக் குடுத்தது இதுங்களா?”

நிலாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. ஒரு டப்பா காப்பிப்பொடியால் மகளின் கல்யாணத்தைக் கெடுத்த தகப்பன் என்ற பெயர் எனக்கு வரப்போகிறது.

“இல்லீங்க. அன்னைக்குக் குடுத்தது சிக்கரிங்க” என்று மல்லிகா போட்டு உடைத்தாள்.

மரகதம்மாள் டப்பாவை மூடினார். “அதையும் குடிச்சுப்போட்டுப் பொண்ணு புடிச்சிருக்குதுன்னு சொல்லியிருக்கறோம் பாருங்க. இதுக்கு மேல இந்தச் சம்பந்தத்த யாரு அசைக்க முடியும்?”

வீடே சிரிப்பில் அதிர்ந்தது. என் பொடி ஒரே நாளில் காலி. மல்லிகா சொன்னபடியே மீதிப் பாத்திரங்களை நானே கழுவினேன். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று துடைத்துக் கொடுத்தார்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. இப்போது இரண்டு குடும்பத்திலும் எங்கே கரண்ட் போனாலும், “அப்பா எங்க இருக்காரு?” என்பதுதான் முதல் கேள்வி. போன மாதம் சேலத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர்கள் ஃபிரிட்ஜ் லேசாக முனகுவது போலிருந்தது. எழுந்து போய்க் காதை வைத்தேன்.

மரகதம்மாள் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார்: “அண்ணா, அது நல்லாத்தானுங்க ஓடுது. நீங்க கண்டுபுடிக்க ஆரம்பிச்சுப்போடாதீங்க.”