பயப்படச் சம்பளம் வாங்கிய சங்கண்ணன்

திருப்பூரில் பயப்படுவதையே முழுநேர வேலையாகச் செய்து, அதற்கு மாதாமாதம் சம்பளமும் வாங்கிய மனிதர் எங்கள் சங்கண்ணன் ஒருவர்தான். நாங்கள் எல்லோரும் ஓசியில் பயந்தவர்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், நல்லூர்ப் பக்கம் ஒரு சாயக்கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் கெமிஸ்டாக இருந்தேன். சுற்றுவட்டாரச் சாயப்பட்டறைகளின் தண்ணீரெல்லாம் குழாய் வழியாக எங்கள் பெரிய தொட்டிக்கு வந்து சேரும். வெளிநாட்டுக்காரன் சிவப்புப் பனியன் கேட்டால் எங்கள் தொட்டியும் சிவப்பு. அந்தத் தொட்டி வழிந்தால் சாயம் நேராக ஓடைக்குப் போகும். அங்கிருந்து தோட்டத்துக் கிணறுகளுக்கு இறங்கும். மறுநாளே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரர்கள் வந்து எங்களையும் பட்டறைகளையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். வாட்ச்மேன் முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அடிவயிற்றில் இந்தப் பயம்தான்.

இந்த லட்சணத்தில், தொட்டியைக் கண்காணிக்க எங்களுக்கு வாய்த்த பேனலோ அரதப் பழசு. அதன் முள் எந்நேரமும் பாதியில் நிற்கும். தொட்டி காலியானாலும் பாதி, நிரம்பினாலும் பாதி. கண்ணாடியைத் தட்டினால் லேசாக ஆடிவிட்டு மறுபடியும் பாதிக்கே வந்துவிடும். ஆபத்தென்றால் அலற வேண்டிய சைரனும் எப்போதோ எரிந்துபோயிருந்தது. சைரனை எங்கள் ஊரில் சங்கு என்போம். புதுச் சங்கு வாங்கும்வரை நீங்களே பார்த்துக் கத்துங்கள் என்று மேனேஜர் இவரைத் தொட்டி மேட்டில் ஏற்றிவிட்டார். வருடக்கணக்கில் சங்கு வாங்கவே இல்லை. அவரே சங்கண்ணன் ஆனார், சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோனது.

அந்த வேலைக்கென்றே பிறந்த பயந்தாங்கொள்ளி அவர். தண்ணீர் ஒரு சாண் ஏறினால் போதும்.

"தொட்டி ரொம்புதுங்கோ! எல்லாரும் ஓடியாங்கோ!"

அலறும்போதுகூட மரியாதை குறையாது. அந்தச் சத்தத்தில் ஊத்துக்குளி எருமைகள் பால் சுரப்பதை நிறுத்திவிடும் என்று நாங்கள் கேலி செய்வோம்.

பேனல்மேல் பல்லி ஓடினாலும் கத்துவார். கேட்டுக்குள் வெள்ளைக் கார் நுழைந்தால் "வாரியம் வந்திருச்சுங்கோ!" என்று கத்துவார். ஒருநாள் அப்படிக் கத்தப்போய், மேனேஜர் சோற்றுக் கையோடு ஓடிவந்து காரிலிருந்து இறங்கியவரை இடுப்பு வளையக் கும்பிட்டார். இறங்கியது கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த அவருடைய மச்சான். மேனேஜரிடம் மச்சானுக்கு அப்படியொரு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

"ஏனுங்ணா, இதுக்கெல்லாமா கத்தறது?" என்று கேட்டேன்.

"கத்தாம இருந்து ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நானென்னங்க பண்ணுவேன்?" என்றார்.

கடைசியில் பேனலை மாற்ற சென்னையிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். முள்ளுக்குப் பதில் கம்ப்யூட்டர் திரை. தொட்டிக்கு மேலே, குனிந்து எட்டிப் பார்ப்பதுபோல ஒரு சென்சார். அது கீழே ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்துத் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும். மட்டம் ஏறினால், தண்ணீரை அடுத்த தொட்டிக்கு இறைக்கும் பம்ப் தானாக ஓடும், புதுச் சங்கு தானாக ஊதும். சங்கண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க தம்பி, இது பயப்படுமுங்களா?"

"மெஷின் எதுக்குப் பெரியவரே பயப்படணும்? கரெக்டா அளக்கும், அவ்ளோதான்."

"பயமே இல்லாததுகிட்டத் தொட்டிய ஒப்படைக்கறீங்களே தம்பி!"

இனிமேல் கத்த வேண்டாம், கேட்டுப் பக்கம் உட்காருங்கள் என்று மேனேஜர் அவரைக் கீழே இறக்கிவிட்டார்.

கொஞ்ச நாளில் ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு எங்கள் ஊரில் ஊசி முதல் லாரி வரை எதுவும் சந்தனம் குங்குமத்துக்குத் தப்பாது. சந்தனக் கிண்ணம் சங்கண்ணன் கையில். மோட்டார், வால்வு, கம்ப்யூட்டர் என்று ஒன்றையும் அவர் விடவில்லை. பொரியும் சுண்டலும் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனோம்.

விடுமுறை முடிந்ததும் எல்லாப் பட்டறைகளும் ஒரே நேரத்தில் சாயத்தை இறக்கின. திரை பாதித் தொட்டி என்றது. நிம்மதியாக டீ குடித்தேன். குடித்து முடித்து வெகுநேரம் ஆகியும் பாதி. பழைய முள்ளின் ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

பழக்க தோஷத்தில் சங்கண்ணன் தொட்டி மேட்டில் ஏறி நின்றிருந்தார். வாய் அகலத் திறந்திருந்தது. இரண்டு கைகளும் காற்றில் துழாவின. சத்தம் மட்டும் வரவில்லை. பல்லிக்குக் கத்தியவருக்கு, மச்சானுக்குக் கத்தியவருக்கு, அன்று நிஜமான பயத்தில் தொண்டை அடைத்துவிட்டது. அவர் கத்தியபோதெல்லாம் சிரித்த எனக்கு, கத்தாமல் நின்றவரைப் பார்த்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

மேனேஜர், சோதனை ஓட்டத்துக்காகத் தங்கியிருந்த இன்ஜினியர், நான் மூவரும் விழுந்தடித்து ஓடினோம். சிவப்புத் தண்ணீர் விளிம்புக்கு இரண்டு விரல் கீழே தளும்பிக்கொண்டிருந்தது. தொட்டி பாதிதான் என்று நம்பி பம்ப் சும்மா கிடந்தது. நானும் மேனேஜரும் தொங்காத குறையாக வால்வைத் திருகி மூட, இன்ஜினியர் பம்பைக் கையால் போட்டுவிட்டார். தண்ணீர் இன்னும் ஒரு விரல் ஏறியது. நான் மருதமலை முருகனைக் கூப்பிட்டேன். மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கியது.

இன்ஜினியர் சென்சாரைக் கழற்றித் திருப்பினார். அதன் முகம் முழுக்க அப்பிய சந்தனம் காய்ந்து கிடந்தது, நடுவில் குங்குமப் பொட்டு. எதிரொலி கேட்காமல், பூஜையன்று இருந்த அளவையே அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சங்கண்ணனுக்குக் குரலில்லாமல் வெறும் காற்றுதான் வந்தது. "புதுசுக்கு வெக்காம உட்டா கோவிச்சுக்குமோன்னு பயந்துதானுங்க வெச்சேன்..."

அவர் சீட்டு கிழிந்தது என்றே நினைத்தேன். மேனேஜர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினார்.

"மேட்டுலயே இருங்கண்ணா. அது அளக்கட்டும். நீங்க பயப்படுங்க."

ஆனால் குரல் திரும்பவில்லை. அதிர்ச்சிதான், தானாகச் சரியாகும் என்றார் டாக்டர். துடைத்து மாட்டிய சென்சார் சொன்னதெல்லாம் நிஜம், புதுச் சங்கும் நேரத்துக்கு ஊதியது. இருந்தும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேட்டில் அவர் சத்தமில்லாமல் நிற்பதைப் பார்க்கப் பார்க்கப் பயம் கூடிக்கொண்டே போனது. மேனேஜருக்குச் சோறே இறங்கவில்லை.

பிறகு ஒரு காலையில், டீ குடிக்கச் சங்கண்ணன் உள்ளே வந்த நேரத்தில், கம்ப்யூட்டர் திரைமேல் ஒரு பல்லி ஓடியது.

"அய்யோ, பல்லீங்கோ! எல்லாரும் ஓடியாங்கோ!"

எல்லோரும் ஓடினோம். மேனேஜர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எனக்கு அப்போதுதான் பயம் தெளிந்தது.