புத்தகத்துக்குள் சமைக்கக் கூடாது

'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு சின்னக் கட்டம் வருமே, அதில் டிக் அடிப்பதற்கு முன்னால் மேலே இருப்பதை முழுதாகப் படித்தவர் யாராவது இருந்தால் அவர் காலில் விழத் தயாராக இருக்கிறேன். நான் படித்ததே இல்லை. என் வாழ்க்கையில் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அறிந்த ஒரே தனியுரிமைக் கொள்கை, நானே எழுதியதுதான். அதையும் நான் படிக்கவில்லை. நாற்பது பேர் முன்னிலையில் இன்னொருவர் மைக்கில் படிக்க, நின்றபடி கேட்டேன்.

(எழுதியது என்றா சொன்னேன்? சுட்டது.)

கம்பத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. டைப் அடிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் மனு கொண்டு வருவார்கள், மீதிப் பேர் கதையும் கவிதையும் கொண்டு வருவார்கள். இவர்களுக்கெல்லாம் புத்தகம் போட ஆளில்லையே என்று பொங்கி எழுந்து, ஓர் இணையதளம் தொடங்கினேன். எழுதுகிறவர்கள் பதிவு செய்துகொண்டு தங்கள் புத்தகத்தைத் தாங்களே ஏற்றலாம். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம்.

படிப்பதற்கு முன் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், ஊர், அப்பா பெயர், செல் நம்பர், பிறந்த தேதி. ஒரு சிறுகதை படிக்க வந்தவரின் அப்பா பெயர் எனக்கு எதற்கு? தெரியாது. கேட்டால் ஒரு ஆபீஸ் மாதிரி இருக்கும் என்று கேட்டேன். ரத்த வகையைக் கேட்காமல் விட்டது என் பெருந்தன்மை.

எல்லாத் தளங்களிலும் அடியில் 'தனியுரிமைக் கொள்கை' என்று ஒரு பக்கம் இருப்பதைப் பார்த்தேன். நமக்கும் ஒன்று வேண்டாமா? தேடியதில் எங்கோ ஒரு தங்கும் விடுதியின் தளத்தில் நல்ல தமிழில், நல்ல நீளத்தில் ஒன்று கிடைத்தது. அப்படியே எடுத்து, 'விடுதி' வரும் இடமெல்லாம் 'தளம்', 'விருந்தினர்' வரும் இடமெல்லாம் 'வாசகர்', 'அறை' வரும் இடமெல்லாம் 'புத்தகம்' என்று ஒரே தட்டில் மாற்றினேன். முழு வேலையும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது. அன்று என் திறமையை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

ஒரு வருடத்தில் முப்பத்தொரு புத்தகங்கள் சேர்ந்தன. அதிகம் எழுதியவர் தவசி மாமா. என் கணவர் பாண்டிக்குப் பெரியப்பா முறை. சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம், ஊர்ச் சங்கத்தில் பல வருடம் தலைவர் பதவி, எந்த விசேஷத்திலும் மைக் அவர் கையில். தன் கவிதைகளை போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அது எழுத்தாகி நேராகத் தளத்தில் ஏறும்.

அதிகம் படிக்கப்பட்டவர் 'ஊர்க்குருவி'. அது புனைபெயர். புத்தகத்தின் பெயர் 'மைக்கை விடாத மாமனிதர்'. வளைகாப்பில் நாற்பத்தைந்து நிமிடம் முல்லைப் பெரியாறு அணையின் நீர்மட்டத்தைப் பற்றிப் பேசுகிற ஒரு பெரிய மனிதர், காதுகுத்தில் குழந்தை வீறிட்டதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த ஆரவாரம் என்று எடுத்துக்கொள்கிற ஒரு பெரிய மனிதர். பெயரே இல்லை. தேவையும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கே படித்துவிட்டுச் சிரித்தது.

ஊர்க்குருவி யாரென்று எனக்கு மட்டும் தெரியும். புத்தகத்தை ஏற்றிய அன்று எனக்கு ஒரு செய்தி வந்திருந்தது: "எம்பேரு வெளிய தெரிஞ்சா அந்த வீட்டு வாசல்ல நான் கால் வைக்க முடியாது. ஒன்னைய நம்பித்தான் போட்டிருக்கேன்." உயிரே போனாலும் சொல்ல மாட்டேன் என்று பதில் அனுப்பினேன்.

தளத்தின் முதலாம் ஆண்டு விழாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சின்ன மண்டபம் ஒன்றில் வைத்தோம். மண்டபத்தை ஏற்பாடு செய்து தந்தவர் தவசி மாமா. வாழ்த்துரை என்று மைக்கை வாங்கியவர், சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார்.

"நம்ம திலகா ஒரு கொள்கை எழுதியிருக்கா. எல்லாரும் கேளுங்க" என்று ஆரம்பித்தார். "வாசகர்கள் புத்தகத்துக்குள் சமைக்கக் கூடாது."

மண்டபம் ஒரு கணம் யோசித்தது.

"வாசகர்கள் காலை பதினோரு மணிக்குள் புத்தகத்தைக் காலி செய்ய வேண்டும். புத்தகத்தில் உள்ள துண்டு, போர்வை ஆகியவற்றை எடுத்துச் செல்லக் கூடாது. திருமணமாகாத ஜோடிகளுக்குப் புத்தகம் தரப்பட மாட்டாது."

கூரை இடிந்து விழுகிற சிரிப்பு. பாண்டி சிரித்ததை நான் பார்த்தேன், இன்றுவரை மறக்கவில்லை. அந்தத் தாளை மாமா என் கடையிலேயே பிரிண்ட் எடுத்திருந்தார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. நானேதான் எடுத்துக் கொடுத்தேன், என்னவென்று பார்க்காமல்.

மாமா குரலை இறக்கினார். "இதான் முக்கியம். 'வாசகர்களின் பெயர், முகவரி, செல் நம்பரை எங்கள் கூட்டாளிகளோடு பகிர்ந்துகொள்வோம்.' மண்டபம் ஏற்பாடு பண்ணுனது நானு. பேனர் கட்டுனது நானு. அப்ப நான் கூட்டாளிதானே? ஊர்க்குருவி யாருன்னு எங்கிட்டப் பகிர்ந்துக்கோ, ஆத்தா."

சிரிப்பு நின்றது. அந்த நாற்பது பேரில் ஊர்க்குருவியும் ஒருவர். அவர் பக்கம் பார்வை போய்விடக் கூடாதே என்று நான் மின்விசிறியையே வெறித்தேன். எல்லோரும் என் பார்வையைத் தொடர்ந்து பார்க்க, விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்த சவுண்ட் சர்வீஸ்காரர் பதறிப்போய், "அண்ணே, நான் அஞ்சாப்புதான் படிச்சிருக்கேன்" என்றார்.

"சொல்ல மாட்டேன் மாமா" என்றேன்.

"நீ எழுதுனதுதானே?"

"எழுதல. லாட்ஜுல இருந்து சுட்டது. அது தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா நம்பி வந்தவுக பேரை நான் சொல்லணும்னா, என்னையத் தூக்கி வைகையில போட்டுட்டுக் கேளுங்க."

"லிஸ்ட்டு அந்தப் பொட்டியிலதான இருக்கு? தெறக்கச் சொல்லு பாண்டி."

பாண்டி எழுந்தார். என் கணவரா, அவர் பெரியப்பாவின் ஆளா என்று தெரியாத ஒரு நடை நடந்து வந்தார். அதற்குள் நான், தளத்தைக் காட்ட மேடையில் வைத்திருந்த திரைக்குப் போகும் வயரைப் பிடுங்கி, லேப்டாப்பைத் திறந்து, பதிவு செய்த எல்லோரையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'நீக்கு' என்பதை அழுத்தினேன். ஏதோ கேள்வி கேட்டது. ஆம். இன்னொன்று கேட்டது. ஆம், ஆம். வயரை மறுபடி செருகினேன்.

"பாருங்க மாமா. பேரும் இல்ல, நம்பரும் இல்ல. இல்லாததை யாரும் எங்கிட்டக் கேக்க முடியாது!"

வீர வசனம்தான். கைதட்டல்கூட விழுந்தது. அப்புறம் முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "ஆத்தா, புத்தகத்தையும் காணோமே?"

'இவர்கள் எழுதியவற்றையும் சேர்த்து நீக்கவா?' என்பதுதான் அந்த இரண்டாவது கேள்வி. நான் படித்தால்தானே?

முப்பத்தொரு புத்தகங்களும் போய்விட்டன. காப்புப் பிரதி? எடுத்திருந்தேன். அதே தளத்துக்குள், அதற்கென்று ஒரு மூலையில், ரொம்பப் பத்திரமாக. வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்து வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்தவள் நான்.

பத்து நாளில் மற்ற எல்லோரும் தங்கள் போனிலிருந்து மறுபடி அனுப்பிவிட்டார்கள். இரண்டு பேரால் முடியவில்லை. ஊர்க்குருவி பயத்தில் தன் பிரதியை அன்றே அழித்திருந்தார். தவசி மாமாவிடம் பிரதியே இருந்ததில்லை. அவர் வாயிலிருந்து நேராகத் தளத்துக்கு ஏறிய கவிதைகள் காற்றோடு போயின.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தக் கொள்கைத் தாளோடு சேர்த்து மாமா இன்னொன்றும் பிரிண்ட் எடுத்தார். எண்பது பக்கம், 'மைக்கை விடாத மாமனிதர்'. பாவம், இலக்கிய ஆர்வம் என்று நினைத்திருந்தேன்.

பாண்டியை இழுத்துக்கொண்டு சுருளிப்பட்டிக்குப் போனேன். மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"என் கவிதையப் பூராம் அழிச்சுப்புட்ட. இப்ப என்னைய வைஞ்ச புத்தகத்தைக் கேட்டு இங்கனயே வந்து நிக்கிற."

"ஆமா மாமா."

"குடுத்தா பேரைச் சொல்லுவியா?"

"மாட்டேன்."

"மன்னிப்பாச்சும் கேப்பியா?"

"கவிதைக்குக் கேக்குறேன் மாமா, மனசார. பேரு விசயத்துக்குக் கேக்க மாட்டேன்."

மாமா பாண்டியைப் பார்த்தார். பாண்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக, "அவ சொல்றது சரிதான் பெரியப்பா" என்றார். உள்ளேயிருந்து மாமாவின் மனைவி, எங்கள் அத்தை, அந்தத் தாள்கட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். "கொண்டு போ தாயி. தெனமும் இதைத்தான் எடுத்து வச்சு வாசிக்கிறாக."

பிரித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. 'நாற்பத்தைந்து நிமிடம் அல்ல, இருபத்தைந்து.' 'அது வளைகாப்பு அல்ல, புதுமனை புகுவிழா.' ஓரிடத்தில், சின்ன எழுத்தில், 'இது உண்மை.'

நான் படித்ததைப் பார்த்த மாமாவுக்குக் காது சிவந்தது. "திருத்தத்தையும் சேர்த்துப் போடு. எம்பேரோட போடு" என்றார். போட்டேன். எங்கள் தளத்தில் தன் தனியுரிமையைத் தானே முன்வந்து விட்டுக்கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

இப்போது எங்கள் கொள்கை மூன்றே வரி, நானே எழுதியது: உங்களிடம் எதையும் கேட்க மாட்டோம். எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம். வந்தீர்கள், படித்தீர்கள், போனீர்கள். படிவத்தைத் தூக்கிவிட்டேன். எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுகூட எனக்குத் தெரியாது. 'அதுகூடத் தெரியாமல் என்ன தளம் நடத்துகிறாய்?' என்று கேட்கிறவர்களிடம், டீக்கடை பெஞ்சில் பேப்பர் படிக்கிறவரிடம் யார் அப்பா பெயரைக் கேட்கிறார்கள் என்று திருப்பிக் கேட்கிறேன். ஊர்க்குருவி யாரென்றும் இன்னும் கேட்கிறார்கள். அத்தைதான் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்வதாக இல்லை. மறுபடி அதே மண்டபம், அதே மைக் வந்தாலும் அதே பட்டனைத்தான் அழுத்துவேன். (இந்தத் தடவை படித்துவிட்டு.)

எங்கள் சொந்தத்தில் மட்டும் ஒரு சொல்லுக்கு அர்த்தம் மாறிப்போயிற்று. வண்டிச் சாவியோ, ஆதார் கார்டோ, ஒற்றைக் கால் கொலுசோ, எது காணாமல் போனாலும் யாரும் தொலைந்துவிட்டது என்று சொல்வதில்லை. போன வாரம் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த பாண்டியின் தங்கை, பையைத் துழாவித் துழாவிப் பார்த்துவிட்டு, வாசலில் நின்றபடியே போனில் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "ஏங்க, பத்திரிகைக் கட்டை பஸ்லயே விட்டுட்டேன் போல. திலகா மதினி மாதிரி ரொம்பப் பத்திரமா வச்சுட்டேங்க."