மூக்கு அண்ணாச்சியின் பச்சை கேப்சூல்

திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடங்களை எல்லாம் இழுத்து மூடிவிடலாம், மூக்கு அண்ணாச்சியின் மூக்கு ஒன்றே போதும். இது என் கருத்தல்ல, மூக்கு அண்ணாச்சியின் கருத்து.

அந்த ஊரில் சாலை என்கிற பஜாரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறார். நாகர்கோவில் பக்கத்து ஆள். பெருங்காயத்தை முகர்ந்து தரம் சொல்வார். அதோடு நின்றிருந்தால் ஊருக்கு நல்லது. மனிதர்களையும் முகர ஆரம்பித்தார். கல்லா அருகே யாராவது வந்தால் மூக்கு ஓர் அங்குலம் முன்னால் நீளும். பிறகு, மத்தியானம் சாளை மீனா என்று கேட்பார்.

அப்பேர்ப்பட்டவர் கையில் பச்சை கேப்சூல் கிடைத்தது. இலையின் பச்சையத்தைப் பிழிந்து அடைத்ததாம். தின்றால் உடம்பு நாற்றம் உள்ளேயே செத்துப்போகுமாம். விலங்கியல் படித்தவள் நான். ஆதாரம் கேட்டேன்.

ஆதாரம் வைத்திருந்தார். மூட்டை தூக்குகிறவர்களுக்கு இலவசமாகக் கொடுத்து, சில வாரம் கழித்து ஒவ்வொருவராகக் கையைத் தூக்கச் சொல்லி முகர்ந்திருக்கிறார். எல்லாரிடமும் சந்தன வாசனை. இந்த மகத்தான ஆராய்ச்சி நடந்தது மண்டல காலத்தில். அத்தனை பேரும் சபரிமலைக்கு மாலை போட்டு, இரண்டு வேளையும் குளித்து, மீனைத் தொடாமல் இருந்தார்கள்.

"அது விரதம் அண்ணாச்சி."

"சாமி வேற, சயன்ஸ் வேற. ரெண்டையும் கொழப்பப்பிடாது தங்கச்சி."

மருந்து தின்னாதவர்களையும் முகர்ந்து ஒப்பிட்டீர்களா என்றேன். தின்னாதவனை எதற்கு முகர வேண்டும் என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் சிரிக்கவில்லை. பள்ளிப் பேருந்தில் ஒருத்தி அவளைப் பார்த்து மூக்கைப் பொத்தினாளாம். அதிலிருந்து பள்ளிக்கே போகமாட்டேன் என்று ஒரே அடம். உன்மேல் நாற்றமில்லை என்று நானும் அவள் அப்பாவும் மாறி மாறிச் சொன்னோம். பெற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். எனக்குத் தெரியாமல் சாலை பஜாருக்குப் போய் ஒரு டப்பா வாங்கி, சீக்கிரம் பலிக்கட்டும் என்று பாதியை ஒரே நாளில் விழுங்கிவிட்டாள்.

பச்சைப் பச்சையாக வாந்தி. அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிறுதான் கலங்கியிருக்கிறது, பச்சை அந்த மருந்தின் நிறம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நாற்றம் போக்கும் என்று நம்பும்படியான ஆதாரம் எதுவும் இல்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு நான் கீரையே வாங்குவதில்லை.

விஷயம் கேள்விப்பட்டு மறுநாள் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்டுவதற்கு நான் நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். மனிதர் என்னைப் பார்க்கவே இல்லை. வாசல்படியில் நின்று மகள் பக்கமாக மூக்கை நீட்டினார்.

"மக்ளே, ஒனக்கு நாத்தமே இல்ல. அண்ணைக்கு நீ கடைக்கு வந்தப்பமே தெரியும். யாவாரப் புத்தி, சொல்லாம வித்துப்போட்டேன்."

"சத்யமாட்டா மாமா?"

"நாத்தம் இருந்தா மொகத்துக்கு நேரே சொல்லியிருப்பேன். ஒங்க அம்மைட்ட கேளு, அவளுக்கே சொல்லியிருக்கேன்."

சொல்லியிருக்கிறார், கடை நிறைய ஆள் இருக்கும்போது. மகள் வாய்விட்டுச் சிரித்தாள். திங்கட்கிழமை தானாகவே பேருந்து ஏறினாள்.

சேர்த்து வைத்த வசவெல்லாம் அப்படியே இருக்கிறது. அடுத்த முறை சாலை பஜாருக்குப் போகும்போது ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பிடிக்கும் என்று கொஞ்சம் நேந்திரங்காய் உப்பேரி வறுத்து வைத்திருக்கிறேன், அதையும் மறக்காமல் எடுத்துப்போக வேண்டும்.