வாய் திறந்த மீன்

மனைவியிடம் பொய் சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதியானவன். அதனால்தான் பல விஷயங்களைச் சொல்லாமலே விட்டுவிடுகிறேன். போன மாதம் இந்தக் கொள்கையை நம்பி ஒரு காரியத்தில் இறங்கினேன். காரியம் கச்சிதமாக முடிந்தது. சேதாரம் எனக்கு மட்டும்தான்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வை கொடுத்தவன் என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யாரும் சொல்லாததால். எனக்கு இருக்கும் ஒரே கெட்ட பழக்கம் மடக்குக் கத்தி சேர்ப்பது. அதிலும் மீன் மார்க் மட்டும்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் மரப்பிடி, ஒற்றை அலகு, அலகின் அடியில் அரிசி அளவுக்கு ஒரு மீன் முத்திரை. அவ்வளவுதான் கத்தி. அதற்கு மேல் இருப்பதெல்லாம் என் பைத்தியம்.

மீன் மார்க் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவது மாடலுக்குப் பிடியில் இரண்டே பித்தளை ஆணி. அதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். முதல் மாடலுக்கும் மூன்றாவது மாடலுக்கும் மூன்று ஆணி. மரம், நீளம், எடை எல்லாம் அச்சு அசல் ஒன்று. கத்தியைத் திறந்து, முத்திரை மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தால்தான் குட்டு வெளிப்படும். முதல் மாடலில் மீன் வாயைத் திறந்திருக்கும். மூன்றாவதில் மூடியிருக்கும். மூடிய வாய் எந்தப் பழைய சாமான் கடையிலும் கிடைக்கும். திறந்த வாய்க்கு என்னைப் போன்றவர்கள் வருஷக்கணக்காகத் தவம் கிடக்கிறோம்.

இதை முதன்முதலில் விளக்கியபோது என் மனைவி சொன்னாள்: "வாயைத் திறந்தாதான் மதிப்புன்னு இந்த ஒரு விஷயத்துலயாவது ஒத்துக்கிட்டீங்களே."

அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? சாப்பாட்டு மேசையில் தினமும் விளக்கினேன். அவளும் தட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

கத்திகள் கூடத்துச் சுவரில், கண்ணாடி மூடி போட்ட பெட்டியில், மடக்கினபடி வரிசையாகப் படுத்திருக்கும். பெட்டி நிறைந்த அன்றே அவள் சட்டம் போட்டுவிட்டாள். புதிதாக ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று வெளியே போக வேண்டும். எது போக வேண்டும் என்பதை அவள்தான் சொல்வாள். இதில் முதல் பாதியைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டாவது பாதியை நினைத்தாலே எழுந்து போய்க் கத்திகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு வருவேன்.

இந்த நிலைமையில்தான் நான் வழக்கமாக முடி வெட்டிக்கொள்ளும் சலூன்காரர், ஒரு பார்சலின் கயிற்றை அறுக்க மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார். மூன்று ஆணி. கழுத்தில் துணியோடு எழுந்து போய் வாங்கிப் பார்த்தேன். மீன் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எனக்கும் அதே கதிதான். அவருக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். ஒரு நல்ல கண்ணாடி செய்து தருகிறேன், கத்தியைக் கொடுங்கள் என்றேன். பாதி வெட்டிய தலையோடு கைகுலுக்கிக்கொண்டோம்.

வீட்டுக்குள் கொண்டுவர நான் போட்ட திட்டம் ரொம்ப எளிமையானது. பெட்டியிலிருந்த மூன்றாவது மாடலை எடுத்தேன். அதே இடத்தில் முதல் மாடலைப் படுக்கவைத்தேன். எண்ணிக்கை மாறவில்லை, தோற்றமும் மாறவில்லை. எடுத்ததைக் கடைக்குக் கொண்டுபோய், உடைந்த ஃபிரேம்கள் கிடக்கும் டிராயரில் புதைத்தேன். அன்று சாப்பிடும்போது வாயையே திறக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். தலைவலி என்றேன். தைலம்கூடத் தேய்த்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க நான் ராஜா மாதிரி இருந்தேன். சனிக்கிழமை அவள் கடைக்கு வந்து டிராயர்களையெல்லாம் ஒழுங்குபடுத்திக் கொடுத்தாள். எவ்வளவு நல்லவள் என்று நெகிழ்ந்துபோனேன்.

மறுநாள் காலையில் சமையலறையிலிருந்து கரகரவென்று சத்தம். போய்ப் பார்த்தால், கண்ணாடி ஜாடியில் ஒட்டியிருந்த பழைய லேபிளை ஒரு மடக்குக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கூடத்துப் பெட்டியை எட்டிப் பார்த்தேன். முதல் மாடல் படுத்திருந்த இடம் காலி.

"அதை ஏன் எடுத்தே?" என்றேன்.

"ஏங்க, மூணாவது மாடல்தானே? எங்க வேணா கிடைக்கும்னு நீங்கதானே சொல்லுவீங்க. சும்மா கிடக்குறது வேலைக்காவது ஆகட்டும்."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அது முதல் மாடல் என்று சொன்னால் கடத்தல் அம்பலமாகும். சொல்லாவிட்டால் கத்தி அழியும். "நீ விடு, நான் பாத்துக்கிறேன்" என்று ஜாடியை வாங்கி, வெந்நீரில் ஊறவைத்து நகத்தாலேயே சுரண்டினேன். கத்தியைத் துடைத்து மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கத்தி அவள் இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஜன்னல் சட்டத்தில் உரிந்த பெயின்ட்டைச் சுரண்ட அதை எடுப்பாள். நான் உப்புத்தாளோடு ஓடுவேன். பூந்தொட்டி மண்ணைக் கிளற எடுப்பாள். நான் வெறுங்கையால் கிளறுவேன். குளியலறை வடிகாலில் முடி அடைத்திருக்கிறது என்று கத்தியோடு குனிந்தபோது, நான் அவளுக்கு முன்னால் தரையில் படுத்துவிட்டேன். மாடி வீட்டு அம்மாள் தன் கணவரைக் கூட்டிவந்து என்னைக் காட்டிவிட்டுப் போனாராம். அந்த மனிதர் அதற்குப் பிறகு படியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கடையில் இருக்கும் மூன்றாவது மாடலைக் கொண்டுவந்து நைசாக மாற்றிவிடலாம் என்று டிராயரைத் திறந்தேன். காணோம். சனிக்கிழமை குப்பையோடு போயிருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவள் மேல் துளி சந்தேகம் வரவில்லை. அதுதான் என் அறிவு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் பெயின்ட் டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். மூடி இறுகிப்போயிருந்தது. கத்தியை விரித்தாள். முனையை விட்டு ஒரு நெம்பு நெம்பினால் திறந்துவிடும் என்றாள். முனை படீரென்று ஒடிவது எனக்கு முன்கூட்டியே கேட்டது.

"நெம்பாதே. அது முதல் மாடல். சலூன்காரர்கிட்ட வாங்கினேன். உனக்குத் தெரியாம மாத்தி வச்சேன். போதுமா?"

அவள் நிதானமாகக் கத்தியை என் கையில் கொடுத்தாள். "பாருங்க" என்றாள்.

சட்டைப் பையிலிருந்த பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். மீன் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தது. இத்தனை நாளாக நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது மூன்றாவது மாடலை.

"உங்க கடை டிராயர்ல கிடந்துச்சு" என்றாள். உள்ளே போய்த் துணி அலமாரியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். மென்துணிக்குள் என் முதல் மாடல் பத்திரமாக இருந்தது. மடிப்பில் இருந்த துருவைத் துடைத்து எண்ணெய்கூடப் போட்டிருந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. துரு போனதற்கா, மானம் போனதற்கா என்று தெரியவில்லை.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"வருஷக்கணக்கா சாப்பாட்டு நேரத்துல பாடம் நடத்தினவர் அன்னைக்கு வாயே திறக்கல. பெட்டியைத் திறந்து, ஒவ்வொண்ணா விரிச்சு, உங்க பூதக்கண்ணாடியை வச்சுப் பாத்தேன். உங்களுக்குப் பதிலா மீன் திறந்திருந்துச்சு."

சட்டப்படி எந்தக் கத்தி வெளியே போக வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். எதுவும் போக வேண்டாம் என்றாள். வேண்டுமானால் இன்னொரு பெட்டியும் செய்துகொள்ளலாம் என்றாள். எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம் வந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னல்கள் பளபளத்தன, தொட்டிகளில் பூ பூத்திருந்தது, வடிகாலில் தண்ணீர் ஜோராக ஓடியது. இவளைப் போல ஒருத்தி யாருக்குக் கிடைப்பாள் என்று மனசார நினைத்தேன். அவளும் சந்தோஷமாகத்தான் சிரித்தாள்.

"அடுத்த கத்தியை எப்போ ஒளிச்சுக் கொண்டுவருவீங்க? பரண் இன்னும் அப்படியே கிடக்கு."