கன்னியம்மனின் கோபம் அறிந்தவர்

சாமி குத்தம் கண்டுபிடிப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. மரக்காணத்திலிருந்து பெருமுக்கல் வரை ஊருக்கு ஒருவர் கட்டாயம். சில ஊர்களில் இரண்டு பேர். அங்கே மட்டும் சாமிக்கு ஒரே நேரத்தில் இரண்டு காரணங்களுக்காகக் கோபம் வரும்.

உப்பளத்து அப்பாவு இதில் உயர்ந்த ரகம். மாடு கறவை நின்றாலும், மோட்டார் புகைந்தாலும், பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் பதில் சொல்லாமல் போனாலும், கண்ணை மூடி, மூச்சை நீளமாக இழுத்து, "குத்தம் இருக்குது" என்பார். என்ன குத்தம்? அது டீ வந்த பிறகு தெரியும். ஊரே தன் வாயைப் பார்த்து நிற்கும் அந்த இடைவெளி அவருக்கு டீயைவிட ருசி. ஆனால் அவர் பொய்யர் அல்லர். உப்பள வரப்பில் நிற்கும் கன்னியம்மன் கல்லைக் கடக்கும்போது அவரே பயந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். பயத்தை நாலு பேருக்குப் பங்கு வைத்தால் பாரம் குறைகிறது, அவ்வளவுதான்.

இந்தச் சித்திரையில் கோடைமழை கொட்டி, வாரத் தயாராயிருந்த உப்பு பாத்தியிலேயே கரைந்தது. முதலாளி புருஷோத்தமன் அப்பாவுவை அழைத்து வந்தார். கண் மூடியது. டீ இறங்கியது.

"ஆத்தா முன்னாடி பூட்ஸ் காலோட ஒருத்தி போறா. வேற என்ன நடக்கும்?"

எல்லோரும் உப்பு வாரும் அம்சவல்லியின் காலைப் பார்த்தார்கள். உப்பு அரித்துப் பாதம் புண்ணாகி, நர்ஸம்மா சொன்னதால் ரப்பர் பூட்ஸ் போட்டவள்.

"பூட்ஸ விடு, இல்ல வேலைய விடும்மா" என்றார் புருஷோத்தமன்.

அம்சவல்லி மண்வெட்டியை ஊன்றி, அப்பாவுவைப் பார்த்து நின்றாள். "அண்ணா, மழை என்னைக்குப் பேஞ்சுது?"

"பதினேழாம் தேதி. வியாழக்கிழமை."

"நான் பூட்ஸ் வாங்குனதே பத்தொம்பதாம் தேதி சனிக்கிழமை. பில்லு வச்சிருக்கேன்."

அப்பாவு டீ டம்ளரைக் கீழே வைத்தார். ஆனால் இந்த இனம் தேதிக்கெல்லாம் அஞ்சுவதில்லை.

"ஆத்தா முக்காலமும் அறிஞ்சவ. நீ வாங்கப்போறது தெரிஞ்சு முன்னாடியே தண்டிச்சிட்டா!"

"அப்ப தண்டனை முடிஞ்சுபோச்சு. இனிமே போட்டுக்கலாம்ல?"

உப்பளமே சிரித்தது. புருஷோத்தமன் சிரிப்பை மறைக்க வானத்தைப் பார்த்தார். "சரி சரி, போய் வேலையப் பாரு" என்றார். பயப்படாதவர்கள் நடுவே பயந்தவர் ஒருவராக நிற்பது எவ்வளவு தனிமை என்று அப்பாவுவுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுவாரம் அடித்த காற்றில் அவர் வீட்டுத் தகரக் கூரை பறந்து பக்கத்துத் தோப்பில் விழுந்தது. அதைத் தூக்க ஒரு கை கொடுத்த அம்சவல்லி, "என்ன குத்தம்ணா?" என்றாள்.

"குத்தமா? சேச்சே! ஆத்தா வெக்கிற சோதனைம்மா இது."

அடுத்தவர் கூரை பறந்தால் குத்தம், தன் கூரை பறந்தால் சோதனை. இந்த இனத்தை அடையாளம் காண இது போதும். நீங்கள் அப்படியில்லை, தெரியும். இருந்தாலும், எதிர்வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்த அன்று நீங்கள் சொன்னதையும், நீங்களே விழுந்த அன்று சொன்னதையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பேனா நின்றுவிட்டதா? மை தீர்ந்திருக்கும். அதற்கும் கண்ணை மூடிக் குத்தம் தேடாதீர்கள்.