ஒற்றைப் புருவத் துக்கம்

கென்னா ஒரு புருவத்தைச் சிரைத்து முடித்து, அடுத்ததில் கத்தியை வைத்த நேரத்தில், செத்துப்போன பூனை வாசல் வழியாக உள்ளே வந்தது.

வந்ததோடு நிற்கவில்லை. அவன் மடியில் ஏறிச் சோம்பல் முறித்து, வாலை அவன் மூக்கில் உரசியது. நுனி மடங்கிய வால். ஊரில் வேறு எந்தப் பூனைக்கும் அப்படி ஒரு வால் கிடையாது. சாட்சாத் மீயுவேதான்.

ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த தூயி ஓடிவந்தாள். பூனையைப் பார்த்தாள். பிறகு புருஷன் முகத்தைப் பார்த்தாள்.

"என்னய்யா இது கோலம்?"

"ஆத்தங்கரையில மீயு செத்துக் கிடக்குன்னு வண்ணான் சொன்னான்டி. நிறம்கூட அதேன்னான்."

"அவன் சொன்னா? பூனையைக் காணோம்னு அஞ்சு நாள் பொறுத்த ஆளு, ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வர்றதுக்கு என்ன?"

"நல்லவேளைன்னு நினைச்சுக்கோ. முதல்ல உனக்குத்தான் சிரைக்கிறதா இருந்தேன்."

வீட்டுப் பூனை செத்தால் வீட்டிலுள்ள அத்தனை பேரும் புருவத்தை மழிக்க வேண்டும். செத்த பூனைக்கு அது மரியாதை. உயிரோடிருக்கிற பூனைக்கு மழித்தாலோ, அது சாகட்டும் என்று வேண்டிக்கொண்ட மாதிரி. பூனைகளுக்குக் காவலான பாஸ்தெட் அம்மன் சும்மா விடுவாளா? அம்மன் விட்டாலும் அக்கம்பக்கம் விடாது.

"இப்படி உக்காரு" என்றாள் தூயி. கண்மைச் சிமிழை எடுத்து, போன புருவத்தை வரைந்துவிட்டாள். இருந்ததைவிட வரைந்தது எடுப்பாகவே இருந்தது.

கென்னா வேலைக்குப் போனான். மலையைக் குடைந்து மன்னருக்குக் கல்லறை கட்டுகிறார்கள். உள்ளே சுவருக்குப் பூச்சு வேலை அவனுடையது. காற்று நுழையாத அறை, சுற்றிலும் விளக்கு. கால் பொழுதுகூட ஆகவில்லை, வியர்வையில் புருவம் கரைந்து கன்னத்தில் கோடாக இறங்கிவிட்டது.

மேஸ்திரி நெப்ஹோர் விளக்கைத் தூக்கிப் பார்த்தார்.

நெப்ஹோருக்கும் அப்போது புருவம் இல்லை. போன மாதம்தான் அவருடைய பூனை செத்திருந்தது. செத்ததைப் பாடம் பண்ணும் கொட்டகைக்குப் போகும்வரை, பூனையைச் சுற்றிய மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் விட்ட கண்ணீரை இன்றும் ஊரில் பேசுவார்கள். அதன் பிறகு பத்து நாள் வேலைக்கே வரவில்லை. வந்தபோது கொஞ்சம் சதை போட்டிருந்தார். துக்கம் சில பேருக்கு அப்படித்தான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"அழறியாடா, கென்னா?"

"இல்லீங்க மேஸ்திரி."

"புருவம் எங்கடா ஒண்ணு?" அவர் குரல் கம்மியது. "பூனையா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் உயிரோடிருக்கிற பூனைக்குப் புருவம் எடுத்தவன் என்ற பெயரோடு இந்த ஊரில் குடியிருக்க முடியாதே! வாய் தானாகவே, "ஆமாங்க" என்றது.

"அட பாவி! அதை மறைச்சு மையைத் தீட்டிக்கிட்டு வந்திருக்கியே!"

"மன்னர் வேலை நிக்கக் கூடாதுன்னுதாங்க..."

நெப்ஹோர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அந்த வலி எனக்குத் தெரியும்டா. டேய், வாங்கடா எல்லாரும்! இவனுக்கு இன்னொரு புருவத்தையும் எடுத்து விடுங்க. சாங்கியத்துல குறை வைக்கக் கூடாது."

நாலு பேர் பிடித்து உட்கார வைத்து எடுத்துவிட்டார்கள்.

"நாளைக்குக் காலையில பூனையை என் மச்சான் பாசேர் கொட்டகைக்குக் கொண்டா. அவன் பாடம் பண்ணிக் கொடுப்பான். நாங்க எல்லாரும் வர்றோம். நாளைக்கு யாருக்கும் வேலை கிடையாது."

நாற்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். துக்கம் முகத்தில் நிற்கவில்லை, அதனால்.

வீட்டில் தூயி புருஷனைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "காலையில ஒண்ணு போச்சு. இப்ப ரெண்டுமா?"

கென்னா எல்லாவற்றையும் சொன்னான். மீயு மூலையில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு எதைய்யா தூக்கிட்டுப் போவ?"

"தெரியலையே. இப்பப் போய்ப் பொய்னு சொன்னா நூறு அடி. தேள் கொட்டிடுச்சுன்னு லீவு போட்டானே ஹூனெரோ, அவன் இன்னும் குப்புறத்தான் படுக்கிறான்."

நூறு அடி என்றதும் தூயிக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன திட்டினாலும் அவளுக்கு அவன்மேல் உயிர். எழுந்துபோய்ப் பழைய வேட்டியைக் கிழித்தாள். வைக்கோலை வைத்து இறுக்கிச் சுற்றினாள். தலைக்குப் பானை ஓடு, காதுக்கு இரண்டு குச்சி. ஆனாலும் மூட்டை காற்றாக இருந்தது. செத்ததன் வாடையும் இல்லை.

"கருவாடு இருக்கா?" என்றான் கென்னா.

இருந்தது. நைல் கருவாடு, ஆறு. உள்ளே வைத்ததும் கனமும் வந்தது, வாடையும் வந்தது. கென்னாவுக்கே ஒரு நொடி அழுகை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் தூயியும் புருவத்தைச் சிரைத்துக்கொண்டாள். மீயுவைக் கூடையில் போட்டு மூடி, மேலே அம்மிக்கல்லை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். தெருவே திரண்டு வந்தது. பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதார்கள். கென்னா மூட்டையை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தான்.

கொட்டகையில் பாசேர் காத்திருந்தார். வாழ்நாளெல்லாம் பிணங்களோடு பழகியவர், பேச்சு குறைவு. மூட்டையை வாங்கி ஒரு தடவை கையால் நிறை பார்த்தார். கென்னாவை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பலகையில் வைத்தார்.

அப்போதுதான் கூட்டத்தின் கால்களுக்கு இடையில் சலசலப்பு. கூடையின் அடிப்பாகம் பழசு என்பது தூயிக்கு நினைவு வந்தது. மடங்கிய வால் ஒன்று கூட்டத்தைக் கடந்து, ஒரே தாவலில் பலகைமேல் ஏறியது.

"மீயு!" என்று யாரோ அலறினார்கள்.

கென்னா தரையில் விழுந்து கும்பிட்டான். "உயிரு வந்திருக்கு, மேஸ்திரி! தன்னோட உடம்பைத் தேடி மீயுவோட உயிரு வந்திருக்கு!"

செத்தவரின் உயிர் உடம்பைத் தேடி வரும் என்பது எல்லோரும் அறிந்ததுதான். நாற்பது பேரும் தடதடவென்று விழுந்து கும்பிட்டார்கள். நெப்ஹோரும் முழங்காலை மடித்தார். இன்னும் கொஞ்ச நேரம் பூனை சும்மா இருந்திருந்தால் கென்னா தப்பித்திருப்பான்.

பூனை சும்மா இருக்கவில்லை. நகத்தை நீட்டி மூட்டையைக் கிழித்தது. வைக்கோல் பறந்தது. பானை ஓடு உருண்டது. மீயு ஒரு கருவாட்டை இழுத்துப் போட்டு, நறுக் நறுக்கென்று எல்லோருக்கும் கேட்கும்படி தின்ன ஆரம்பித்தது.

நெப்ஹோர் மெல்ல எழுந்தார்.

"உயிரு வந்துடுச்சு, சரி. உடம்பு எங்கடா?"

கென்னா கருவாட்டை வேட்டி முனையால் மூடப் பார்த்தான்.

"செத்த உயிரு பேரைச் சொல்லி ஏமாத்தறியா? துக்கத்துல பொய்யாடா? நான் எப்படி அழுதேன், தெரியுமா உனக்கு? தடியைக் கொண்டாங்கடா! நூறு இல்ல, இருநூறு!"

தூயி ஓடிவந்து புருஷனை மறைத்துக்கொண்டு நின்றாள். "அடிக்கிறதுன்னா என்னையும் சேர்த்து அடிங்க. சுத்தினது நான்தான்."

தடி வந்தது. நெப்ஹோர் கையை ஓங்கினார்.

அதுவரை வாயே திறக்காத பாசேர், சிதறிய வைக்கோலைப் பலகையிலிருந்து நிதானமாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"விடுங்க மச்சான். இவனாவது கருவாடு வெச்சிருக்கான். போன மாசம் நீங்க கட்டிப் பிடிச்சு அழுத மூட்டையில வெறும் வெங்காயம்தானே இருந்துச்சு?"