பாவம் ஏறிய பேட்டரிக் கட்டை

கரண்டு அடிக்கடி போய்க்கொண்டிருந்த அந்த 2008-ஆம் ஆண்டில், மணவாள நகருக்கு மின்சாரத்தைவிட டார்ச் சாமி அதிக நேரம் வந்தார். தன் பெயர் பிரகாசானந்த அடிகள் என்று தட்டியில் எழுதி வைத்திருந்தார். அதை யாரும் படிக்கவில்லை. வெளிச்சம் இருந்தால்தானே படிப்பது.

அவருடைய அற்புதம் எளிமையானது. ஊரார் வீட்டு டார்ச்சுகள் மின்வெட்டு முடிவதற்குள் மஞ்சளாகி, சிவப்பாகி, செத்துப் போகும். சாமி மந்திரித்துக் கொடுத்த பேட்டரிக் கட்டை சாகாது. சிவப்புத் தாள் சுற்றி, திருநீறு பூசி, தாளைப் பிரித்தால் கண் போய்விடும் என்ற எச்சரிக்கையோடு அது கிடைக்கும். போட்டால் ஓட்டை டார்ச்சும் லாரி விளக்கு மாதிரி எரிந்தது. ஜனங்கள் கடைக் கட்டையையும் சாமிக் கட்டையையும் அருகருகே எரியவிட்டுப் பார்த்தார்கள். கடைக் கட்டை சோர்ந்தது. சாமிக் கட்டை சோரவில்லை. "ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நம்பினோம்" என்று படித்தவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். எதை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாது. கண் முக்கியமல்லவா.

கூட்டம் பெருகியதும் சாமி அடுத்த படிக்குப் போனார். திருடன் கையில் தன் கட்டை எரியாது என்று அறிவித்தார். இது ஜனங்களைவிட முதலாளிகளுக்கு அதிகம் பிடித்தது.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்த சாலமோன், ரயில் மாறி மணவாள நகருக்குப் போய்க் கட்டை வாங்கியவர்களில் ஒருவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபம், செவ்வாய்க்கிழமை சாமி. கிழமைகள் மோதிக்கொள்ளாததால் மனசாட்சியும் மோதவில்லை. ஆலை ஸ்டோரில் தாமிரக் கம்பி காணாமல் போனபோது, மானேஜர் ஆதிநாராயணன் சாமியைக் கூப்பிட்டு எல்லார் கையிலும் சாமிக் கட்டை போட்ட டார்ச் கொடுத்தார். ஹெல்ப்பர் ரகுவின் டார்ச் மங்கியது. அன்றைக்கே ரகுவை வெளியே தள்ளினார்கள். "மூஞ்சப் பாத்தாலே தெரியுதேப்பா" என்று முதலில் சொன்னவர் சாலமோன்தான்.

ரகு போன பிறகும் கம்பி போய்க்கொண்டுதான் இருந்தது. இதிலிருந்து சாதாரண மூளை ஒரு முடிவுக்கு வரும். ஆதிநாராயணன் எம்.பி.ஏ. படித்தவர், வேறு முடிவுக்கு வந்தார். இன்னொரு திருடன் இருக்கிறான். சாமியை அழைத்துவர மறுபடியும் கார் போனது. காரில் போனவர் ஸ்டோர் கீப்பர் பாக்கியநாதன். அவருடைய ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்து காட்டச் சொல்லி, சில நாள் முன்புதான் சாலமோன் கேட்டில் பிடிவாதம் பிடித்திருந்தார். டிக்கி திறக்கப்படவில்லை. பாக்கியநாதன் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பட்டப்பகலில் குடோனின் ஜன்னல்களில் சாக்கு கட்டி இருட்டாக்கினார்கள். கம்பெனி மலரில் 'நவீன நிர்வாகம்' என்ற தலைப்பில் போடுவதற்குப் படம் வேண்டும் என்று, ஸ்டேஷன் ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருந்த நஜ்மாவை மானேஜர் வரச்சொல்லியிருந்தார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பெண். பொருளைப் பார்த்ததும் கையில் தூக்கிக் கனம் பார்ப்பது பரம்பரைப் பழக்கம்.

சாமி பைக்குள் கைவிட்டு, ஆளுக்கு இரண்டு கட்டைகள் தானே எடுத்துக் கொடுத்தார். முன்மாதிரியாக இருக்கட்டும் என்று மானேஜரும் வாங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து நஜ்மாவின் கேமரா படுத்துவிட்டது.

"சாமி கட்டையே போட்டுக்கோம்மா" என்றார் மானேஜர் தாராளமாக.

சாமியின் முகம் ஒரு கணம் கோணியது. மானேஜர் சொல்லைத் தட்ட முடியாமல் இரண்டை எடுத்துக் கொடுத்தார். நஜ்மா அவற்றை உள்ளங்கையில் வைத்து மெல்லத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். பஞ்சு மாதிரி இருந்தன. கேமரா உயிர்பெற்று, பளிச் பளிச்சென்று அலுக்காமல் படம் எடுத்தது.

எல்லா டார்ச்சும் எரிந்தது. சாமி மந்திரம் ஓதினார். அதில் இரண்டு வார்த்தை சமஸ்கிருதம், மீதி இருமல்.

சாலமோனின் டார்ச் மஞ்சளானது.

தட்டிப் பார்த்தார். இன்னும் மஞ்சளானது. தான் திருடவில்லை என்பது சாலமோனுக்குத் தெரியும். ஆனால் சாமிக்குத் தெரியாத ஒன்றா? சைக்கிள் கேரியரைக் கட்ட ஒரு துண்டுக் கம்பி எடுத்தது நினைவுக்கு வந்தது. அது துருப்பிடித்த இரும்பு. சாமிக் கட்டை இரும்புக்கும் தாமிரத்துக்கும் வித்தியாசம் பார்க்குமா, பார்க்காதா? வேலை போனால்கூட வேறு கேட் பார்க்கலாம். திருடன் என்ற பெயரோடு செக்யூரிட்டி வேலைக்கு எந்த கேட்டில் போய் நிற்பது?

"சார், நா எடுக்கல சார்."

"டார்ச் வேற மாதிரி சொல்லுதேய்யா" என்றார் ஆதிநாராயணன்.

"மூஞ்சப் பாத்தாலே தெரியுதேப்பா" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அந்த வாக்கியம் தன் காதில் விழும்போது எப்படி இருக்கும் என்று சாலமோன் அதுவரை யோசித்ததில்லை.

நஜ்மா முன்னால் வந்தாள். "சார், ஒரு நிமிஷம். அண்ணன் கட்டைய நீங்க போட்டுக்குங்க. உங்க கட்டைய அவருக்குக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"போட்டோக்கு சார். உங்க கட்டையே திருடன் கையில அணையசொல்ல எடுத்தா, மலருல சும்மா தூக்கும்."

ஆதிநாராயணன் கடவுளையே மறுத்தாலும் மறுப்பார், போட்டோவை மறுக்க மாட்டார்.

"மாத்தக் கூடாது" என்றார் சாமி.

"ஏன் சாமி? திருட்டு கையில கீதா, கட்டையில கீதா?"

சாமி வாய் திறப்பதற்குள் மானேஜர் கட்டைகளை மாற்றிவிட்டார். சாலமோனின் கையில் டார்ச் கண்ணைக் கூசவைத்தது. மானேஜரின் கையில் மஞ்சள் மினுங்கியது.

குடோனில் இருந்த அத்தனை தலையும் மானேஜர் பக்கம் திரும்பியது. "சாரா?" என்று யாரோ கேட்டார்கள்.

"கட்டையில ஏதோ கோளாறுய்யா" என்றார் ஆதிநாராயணன் அவசரமாக. ஒரு மனிதர் இத்தனை வேகமாகப் பகுத்தறிவாளர் ஆனதை அந்தத் தொழிற்பேட்டை அதற்கு முன் கண்டதில்லை.

சாமி சமாளித்தார். "அப்பனே, இந்தப் பாவி தொட்டதுல பாவம் கட்டையில ஏறிடுச்சு."

மானேஜரின் முகம் தெளிந்தது. மறுபடி பக்தராவதற்கு அவர் தயார்.

"செரி சாமி" என்றாள் நஜ்மா. "அப்ப யாரு கையும் படாத கட்டையா உங்க பையில இருந்து நா எடுக்கறேன். பையில ரெண்டு அறை கீது. நீங்க சாலமோன் அண்ணனுக்கு இந்த அறையில இருந்து எடுத்தத நா பாத்துக்கினுதான் இருந்தேன். இதுல ரெண்டு உங்களுக்கு. அந்த அறையில ரெண்டு அவருக்கு. சாமி கையில எரியாமயா பூடும்?"

சாமி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பிடிங்க சாமி" என்றார் மானேஜர்.

"எனக்கு இன்னிக்கு மௌன விரதம்" என்று சாமி உரக்கச் சொன்னார்.

சாலமோனுக்கு அப்போதுதான் பயம் விட்டது. கண் போனால் போகட்டும் என்று தன் டார்ச்சைத் திறந்து, ஒரு கட்டையின் சிவப்புத் தாளைக் கிழித்தார். கண் போகவில்லை. உள்ளே வெள்ளி நிறத்தில் பளபளத்தது.

"இது லித்தியம் கட்டை" என்றாள் நஜ்மா. "கல்யாண ஊட்டுல கேமராவுக்கு நா போடறது. வெல ஜாஸ்தி, கனம் கம்மி. கடைசி வரிக்கும் ஒரே வெளிச்சம், அப்புறம் பொட்டுனு பூடும். திரும்ப சார்ஜ் ஏறாது. இதுக்கு மந்திரம் தேவல, கடைக்காரன்தான் தேவ."

மானேஜரின் கட்டையைப் பிரித்தார்கள். யாரோ பாதி எரித்துத் தூக்கிப் போட்ட சாதாக் கட்டை. ஓரத்தில் கசிந்த கறைகூடத் துடைக்கப்படவில்லை.

"திருடன் யாருன்னு சாமிக்கு யாரு சொன்னது?" என்று சாலமோன் கேட்டார். சாமியைக் காரில் அழைத்துவந்த பாக்கியநாதனை எல்லாரும் தேடினார்கள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்குமுன்பே சாப்பிடப் போன ஒரே ஊழியர் அன்று அவர்தான். ஸ்கூட்டரை மட்டும் மறந்து விட்டுவிட்டார். டிக்கியைத் திறந்தார்கள். தாமிரம் மந்திரமில்லாமலே மின்னியது.

"சரி சாலமோன், நீ டியூட்டிக்குப் போ" என்றார் மானேஜர்.

"எல்லாம் கூடி இருக்கசொல்ல திருடன்னு சொன்னீங்க. இல்லன்னும் இப்பவே சொல்லுங்க சார். ரகுவுக்கும் சேத்து. அவன் ஊட்டுக்குக் காரு அனுப்புங்க. சாமிக்கு அனுப்பினீங்க இல்ல?"

ஆதிநாராயணன் சொன்னார். இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது. முதல் தரம் சொன்னது முன்வரிசைக்கு மட்டுமே கேட்டது. கேமரா இன்னும் நன்றாகவே வேலை செய்தது.

சாமியைக் கேட் அறையில் உட்கார வைத்துவிட்டுப் போலீசுக்குச் சொன்னார்கள். குடோன் பெருக்கும் கங்கம்மா மெதுவாக நஜ்மாவிடம் வந்தாள். கையில் ஒரு டார்ச்.

"அக்கா, அந்த லித்தியம் சாமி எந்த ஊரு? அவருதான் நெஜம் போலக்கீது. நீ ஒரு வாட்டி இதத் தொட்டுக் குடேன்."

நஜ்மா டார்ச்சை வாங்கித் தட்டிப் பார்த்தாள். "எரியாத டார்ச்சுக்குக் கட்டைய மாத்திடலாம் கங்கம்மா. அதுக்குக் கடை கீது. உன் தலைய மாத்தறதுக்கு நா எந்தக் கடைக்குப் போறது? உள்ள இருக்கறதையாவது கொஞ்சம் போட்டுப் பாரேன்."